தண்ணீர் படக்கூடாதாம்

விழுப்புரம்
4-9-1938

அன்புள்ள தங்கை கோவிந்தம்மாளுக்கு அண்ணன் தாண்டவராயன் எழுதுவது. இங்கே நான் உயிரோடு இருக்கிறேன். அங்கே நீயும் மச்சான் மண்ணாங்கட்டியும் அம்சாவும் அப்படியே இருக்க வேண்டும். மச்சானுக்கு இருமல் குறைந்ததா?

ஆடிக் கூழுக்கு உன் வீட்டுக்கு வந்தபோதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன். எனக்கு வயிற்றில் ஒரு கட்டி. புற்று என்கிறார்கள். இந்த ஊர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே, கத்தி வைக்கிற இடம் இல்லை, மெஷினுக்கு அடியில் படுக்கவைத்துக் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தால் சுட்டுப் பார்க்கலாம் என்கிறார்கள். எக்ஸ்ரே வைத்தியம் என்று பெயராம். வாரத்துக்கு இரண்டு நடை, சில மாதங்கள் போய்வர வேண்டும்.

நம்ம நாட்டு வைத்தியர் விருத்தாசலத்திடமும் காட்டினேன். நாடியைப் பிடித்துவிட்டு, "எதுக்கு தாண்டவராயா இந்த பேஜாரு? ஊட்டோட இரு. வாய்க்கு ருசியா கேட்டதைத் துன்னுக்கினு கெட" என்றார். "நான் இன்னா துன்னணும்னு நான் பாத்துக்கறேன். நீ உன் சூரணத்தைப் பாரு" என்று எழுந்து வந்துவிட்டேன். என் சாவுக்கு நாள் குறிக்க இவர் யார்?

ரயில் கார்டு சீனுவாசனைத் தெரியும் இல்லையா, ஸ்டேஷன் ரன்னிங் ரூமில் இரவு தங்குகிறவர், நான் துவைத்துக் கஞ்சி போட்ட படுக்கைவிரிப்பு இல்லாமல் படுக்கமாட்டேன் என்பாரே, அவர்தான். மூன்றாம் வகுப்புப் பலகையில் என்னால் உட்கார முடியவில்லை என்று வண்டிக் கடைசியில் இருக்கும் தன் பிரேக்வானில் படுக்க இடம் தருகிறார். டிக்கெட் எடுத்துத்தான் ஏறுகிறேன்.

நீ அழவேண்டாம். இங்கே வரவும் வேண்டாம். அம்சாவிடம் மாமாவுக்கு வயிற்றுவலி என்று மட்டும் சொல். எல்லாருக்கும் என் ஆசீர்வாதம்.

உன் அண்ணன்
தாண்டவராயன்

&nbsp;

திண்டிவனம்
9-9-1938

அண்ணனுக்குக் கோவிந்தம்மாள் கும்பிட்டு எழுதியது. உன் மச்சானுக்கு இருமல் அப்படியேதான். அம்சா சுகம். நான் சுகம் இல்லை, கோபம்.

எழுதினால் குறுக்கே பேச முடியாது என்றாய். இதோ பேசுகிறேன். நான் அழுவேன் என்று யார் சொன்னது? அண்ணி செத்தபோது நீதான் குழந்தை மாதிரி அழுதாய். நான் உனக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் புற்று என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். வைத்தியரிடம் நீ பேசியது சரி. எனக்கு அந்த ஆளைக் கண்டாலே ஆகாது.

வயிற்றில் என்றால் எங்கே? மேலேயா, கீழேயா? சரி, நீயாகச் சொல்லும்வரை கேட்கவில்லை.

பட்டணத்து வண்டி திண்டிவனத்தில் நிற்காமலா போகிறது? என்றைக்கு வருகிறாய் என்று எழுது. பிளாட்பாரத்தில் கேப்பங்கூழும் வறுத்த மல்லாட்டைக் கடலையும் வைத்துக்கொண்டு நிற்கிறேன். ஆடிக்கு வந்தபோது நீ விட்டுப்போன வேட்டி இங்கே இருக்கிறது. துவைத்து நீலம் போட்டு வைத்திருக்கிறேன். அதை எப்படித் துவைத்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள். செத்துப்போகிற ஆள் மாதிரி ஆசீர்வாதம் எல்லாம் அனுப்பாதே. நேரில் வந்து கொடு.

இப்படிக்கு
கோவிந்தம்மாள்

&nbsp;

விழுப்புரம்
2-10-1938

அன்புள்ள தங்கைக்கு அண்ணன் எழுதுவது. இருக்கிறேன். நீங்கள் மூன்று பேரும் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். மச்சானைப் பீடியை விடச் சொல்.

மெஷினைப் பற்றிக் கேட்பாய். ஒரு அறை, சன்னல் கிடையாது. நடுவில் ஒரு மேசை. அதன்மேல் என்னைப் படுக்கவைத்து, அசையாமல் இருக்க இரண்டு பக்கமும் மணல்பை வைக்கிறார்கள். மேலே ஒரு பெரிய குழாய் தொங்குகிறது. "அசையாத, மூச்சு மட்டும் விட்டுக்கினு இரு" என்று சொல்லிவிட்டு எல்லாரும் வெளியே ஓடிவிடுகிறார்கள். கதவு சாத்தியதும் உர்ரென்று ஒரு சத்தம். சூடு இல்லை, வெளிச்சம் இல்லை, வலி இல்லை. வெள்ளாவி அடுப்புக்கு முன்னால் வாழ்ந்தவன் நான். இதைப் போய் சுடுவது என்கிறார்களே என்று சிரிப்பு வந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, அது உள்ளே போய்ச் சுடுகிறது. வாய் கசக்கிறது. சோற்றைக் கண்டால் குமட்டுகிறது. ஆனாலும் தின்கிறேன். வாந்தி வந்தால் மறுபடியும் தின்கிறேன்.

ஒரே ஒரு தொல்லை. வெளிச்சம் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் விழ வேண்டுமாம். அதற்காகக் கம்பவுண்டர் இடுப்பைச் சுற்றி முன்னும் பின்னும் ஊதா மையில் கோடும் புள்ளியும் போடுகிறார். போட்டுவிட்டு, "தண்ணி படக்கூடாது, வைத்தியம் முடியற வரைக்கும் கோடு அழியக்கூடாது" என்கிறார். என்னிடம் சொல்கிறார்! இடுப்பளவு ஏரித் தண்ணீரில் நின்று பிழைக்கிறவனிடம்.

நான் வண்ணான் துறையில் இறங்கத்தான் இறங்குகிறேன். ரன்னிங் ரூம் துணி ஒரு வாரம் நின்றால் வேறு ஆளுக்குப் போய்விடும். பக்கத்துக் கல்லில் துவைக்கிற பெரியசாமி, "ஊட்ல குந்து அண்ணே, நாங்க பாத்துக்கறோம்" என்கிறான். பார்த்துக்கொள்வான், என் கல்லையும் சேர்த்து. ஆனால் போகிற ஒவ்வொரு நடையும் கோடு அழிந்திருக்கிறது. கம்பவுண்டர் கத்துகிறார். மறுபடியும் அளந்து போட அரை நாள் ஆகிறது. "இன்னொரு தரம் அழிச்சிக்கினு வந்தா உனக்கு வைத்தியம் கெடையாது" என்று போன வாரம் சொல்லிவிட்டார்.

உன் ஊரில் நல்ல சேராங்கொட்டை கிடைக்குமே, கொஞ்சம் வாங்கி கார்டு சீனுவாசனிடம் கொடுத்தனுப்பு. இங்கே கிடைப்பது எல்லாம் காய்ந்த சரக்கு, ஊசி குத்தினால் பால் வரவில்லை. துணிக்கு அடையாளம் போட வேண்டும்.

அன்புடன்
தாண்டவராயன்

&nbsp;

திண்டிவனம்
12-10-1938

அண்ணனுக்குக் கும்பிடு. வீட்டில் எல்லாரும் நலம். மச்சான் பீடியை விடவில்லை, நீ எழுதியதைப் படித்துக் காட்டியதும் இன்னும் ஒன்று பற்றவைத்தார்.

சேராங்கொட்டையைக் கார்டிடம் கொடுத்துவிட்டேன். அப்பாவுக்குச் சரக்கு கொடுத்த அதே கடைக்காரர் பொறுக்கிக் கொடுத்தது. பத்திரம், பால் நிறைய இருக்கிறது. உன் விரலுக்கு ஒன்றும் ஆகாது, மற்றவர்கள் மேல் பட்டால் கொப்புளம்தான்.

நானே பிளாட்பாரத்துக்கு வந்துதான் கொடுத்தேன். தூக்கில் கூழும் எடுத்து வந்தேன். "எங்க அண்ணன் உள்ள இருக்குதாங்க?" என்று கேட்டேன். கார்டு குனிந்து கொடியைச் சுருட்டினார். பிரேக்வான் கதவு உள்பக்கமிருந்து சாத்திக்கொண்டது. சாத்திய கை எந்தக் கை என்று எனக்குத் தெரியாதா? சுண்டுவிரல் வளைந்த கை. சின்ன வயதில் என்னை மாட்டு வண்டிக்கு அடியிலிருந்து இழுத்தபோது ஒடிந்த விரல்.

கூழை ஒரு பிச்சைக்காரிக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். உனக்கு என் மேல் என்ன கோபம் என்று தெரியவில்லை. கோபம் இல்லை என்றால் ஏன் ஒளிந்தாய் என்றும் தெரியவில்லை. வேளைக்குச் சாப்பிடு.

கோவிந்தம்மாள்

&nbsp;

விழுப்புரம்
30-10-1938

அன்புள்ள தங்கைக்கு. நான் சுகம். நிஜமாகவே சுகம். அங்கே எல்லாருக்கும் தீபாவளி நல்லபடியாக ஆனதா?

எனக்கு ஆனது. தலை நிறைய எண்ணெய் வைத்து, ஏரியில் முங்கி முங்கிக் குளித்தேன். கரையில் நின்று பெரியசாமி, "அண்ணே, டாக்டரு திட்டப்போறாரு" என்று கத்தினான். கத்தட்டும். அடையாளம் அழிகிற தொல்லையை நானே தீர்த்துவிட்டேன். எப்படி என்று கேட்காதே. இனி ஏரியே பொங்கி வந்தாலும் அது அழியாது. கம்பவுண்டர் பார்த்துவிட்டு, "இப்பதான் சொன்ன பேச்சைக் கேட்டிருக்க" என்று முதுகில் தட்டினார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு.

நீ அனுப்பிய சரக்கு நல்ல சரக்கு. பிளாட்பாரத்து விஷயத்தை விட்டுவிடு. தூங்கிவிட்டேன்.

அன்புடன்
அண்ணன்

&nbsp;

திண்டிவனம்
6-12-1938

அண்ணனுக்குக் கும்பிடு. இங்கே கார்த்திகை விளக்கு ஏற்றிவிட்டு எழுதுகிறேன். நலமா என்று கேட்க மாட்டேன், பதில் வராத கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தீபாவளிக்குப் பிறகு உன் எழுத்தைக் காணவில்லை. இரண்டு கடிதம் போட்டேன். நேற்று கார்டு சீனுவாசனைப் பிடித்துக் கேட்டேன். "அவரு இப்ப என் வண்டியில வர்றது இல்லம்மா. ரன்னிங் ரூமுக்குக்கூட வேற ஆளுதான் மூட்டை எடுத்தாரான்" என்றார். வேறு ஆள் என்றால் பெரியசாமியா? உன் கல்லை விட்டுவிட்டு நீ எங்கே படுத்திருக்கிறாய்?

ஒரு வரி போதும். கை வரவில்லை என்றால் வேறு யாரையாவது எழுதச் சொல்.

கோவிந்தம்மாள்

&nbsp;

விழுப்புரம்
10-12-1938

கோவிந்தம்மாளுக்கு. எல்லாரும் சுகமாக இருங்கள்.

வைத்தியம் நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை, அவர்கள் நிறுத்திவிட்டார்கள். என் தோல் வெளிச்சத்தைத் தாங்கவில்லையாம். இடுப்பைச் சுற்றிக் கறுத்து, கொப்புளம் எழும்பி, நீர் வழிந்தது. அரிப்பு தாங்காமல் பாயில் உருண்டேன். கண் இமை வீங்கி இரண்டு நாள் உலகமே தெரியவில்லை. டாக்டர் நல்ல மனுஷர், முகம் வாடிப்போய்ச் சொன்னார். "இந்தத் தோல்ல இனிமே வைக்க முடியாது, ஊருக்குப் போயிட்டு வாங்க" என்றார். போய்விட்டு வாருங்கள் என்றாரே தவிர, என்றைக்கு வர வேண்டும் என்று சொல்லவில்லை. அதன் அர்த்தம் எனக்குத் தெரியும்.

விருத்தாசலம் வாசலோடு போகும்போது எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார். அதுதான் எனக்கு அடங்கவில்லை.

என் கல் பெரியசாமிக்குப் போகக்கூடாது. உனக்கு. இந்தக் கடிதத்தை வைத்துக்கொள். இங்கே வராதே.

தாண்டவராயன்

&nbsp;

திண்டிவனம்
12-12-1938

அண்ணா,

கும்பிடு எல்லாம் பிறகு. உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். முதல் தரம் அழுதேன், ஒத்துக்கொள்கிறேன். மூன்றாம் தரம் படிக்கும்போது உன்னை அடிக்க வேண்டும் போல இருந்தது.

வெளிச்சம் வயிற்றில்தானே விழுந்தது? கண் இமை ஏன் வீங்கியது? சுட்ட புண் எரியும், இப்படியா அரிக்கும்? இடுப்பைச் சுற்றிக் கறுத்தது என்றாயே, அது கோடு போட்ட இடத்தில்தானே? "ஏரியே பொங்கினாலும் அழியாது" என்று எழுதினாய். என்னிடம் சேராங்கொட்டை கேட்டு வாங்கினாய். நான் யார் வயிற்றில் பிறந்தவள் என்று நினைத்தாய்? அத்தை வீட்டு மருமகள் புதிதாக வந்து சேராங்கொட்டையைத் தெரியாமல் தொட்டுவிட்டு அந்தக் கையால் முகத்தைத் துடைத்தாளே, அவள் கண் எப்படி வீங்கியது என்று நீதான் எல்லாரிடமும் நடித்துக் காட்டுவாய்.

உன் விரல் அதிலேயே ஊறிய விரல், அதற்கு ஒன்றும் செய்யாது. இடுப்புத் தோலும் விரலும் ஒன்றா? அதுவும் அந்த மெஷின் வேகவைத்த தோல்! படுக்கைவிரிப்புக்குப் போடுகிற அடையாளத்தை உடம்புக்குப் போட்டுக்கொண்டாயே!

வெளிச்சம் உன்னைக் கைவிடவில்லை அண்ணா. சேராங்கொட்டை உன்னைக் கெடுத்துவிட்டது. அந்தச் சேராங்கொட்டையை நான் கொடுத்தேன். தேங்காய்ப்பால் தடவு. புளியங்கொழுந்தை அரைத்துப் போடு. புண் ஆறும். ஆறியதும் நேராகப் போய் டாக்டரிடம் நடந்ததைச் சொல்லு. மறுபடியும் வைப்பார்கள்.

உடனே பதில் போடு.

கோவிந்தம்மாள்

&nbsp;

விழுப்புரம்
15-12-1938

தங்கைக்கு. நலம்.

ஆமாம், சேராங்கொட்டைதான். கண்டுபிடித்துவிட்டாய், சந்தோஷப்படு. முதல் தரம் தோல் உரிந்ததும் அடையாளம் போய்விட்டது, அதன்மேல் இன்னொரு தரம் போட்டேன். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் நான் போய்ச் சொல்ல மாட்டேன். அத்தனை பெரிய டாக்டர் என் தோலைப் பார்த்துவிட்டு, தன்னால்தான் ஆனது என்று கண் கலங்கினார். அப்போது வாயை மூடிக்கொண்டு நின்றவன் இப்போது போய், நான்தான் முட்டாள் என்று சொல்லவா? கம்பவுண்டர் முதுகில் தட்டினாரே, அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்? செத்தாலும் தலை நிமிர்ந்து சாகிறேன்.

நீயும் போகாதே. அது பெண்கள் பேசுகிற இடத்து நோய் இல்லை. இதற்குமேல் கேட்காதே.

தாண்டவராயன்

&nbsp;

திண்டிவனம்
23-12-1938

அண்ணனுக்குக் கோவிந்தம்மாள் கும்பிட்டு எழுதியது. இங்கே எல்லாரும் சுகம். நீயும் சுகமாகப் போகிறாய். பொறுமையாகப் படி.

பட்டணம் போய்விட்டு வந்தேன்.

உன் மச்சான் வாசலில் குறுக்கே நின்றார். "பொம்பள நீ, அங்க போய் இன்னான்னு சொல்லுவ?" என்றார். "நெசத்தைச் சொல்லுவேன். வழிய உடு" என்றேன். விட்டார். பாவம், ஸ்டேஷன்வரை இருமிக்கொண்டே வந்து வண்டி ஏற்றினார்.

உன் டாக்டரைப் பார்க்க மத்தியானம் ஆகிவிட்டது. முந்தானையிலிருந்து ஒரு சேராங்கொட்டையை எடுத்து அவர் மேசைமேல் வைத்தேன்.

"இது என்னம்மா?"

"இதாங்க எங்க அண்ணனைச் சுட்டது. நீங்க இல்லீங்க."

அவருக்குப் புரியவில்லை. அங்கே தொங்கிய துண்டை எடுத்து, ஊசியால் கொட்டையைக் குத்தி ஒரு புள்ளி வைத்தேன். "இத்த எத்தினி வெள்ளாவி வெச்சாலும் போவாதுங்க. அண்ணன் இத்தத்தான் உங்க கோட்டு மேலயே போட்டுக்கினு வந்திருக்குது. தண்ணில நிக்கற ஆளுங்க, அழிஞ்சா நீங்க வைத்தியத்தை நிறுத்திடுவீங்கன்னு பயந்துடிச்சி."

டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "நாங்க மெஷின்லதான் கோளாறுன்னு அதைக் கழட்டிப் பார்த்தோமேம்மா!" என்றார். அப்புறம் கம்பவுண்டரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். அப்புறம் இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உன்னை முட்டாள் என்றார்கள்தான். நானும் ஆமாம் என்றேன். அதனால் உன் தலை ஒன்றும் குனியவில்லை. வைத்தியம் நின்றுவிடக்கூடாது என்று தன் தோலையே கொடுத்தவனை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

புண் நன்றாக ஆறட்டும், பொங்கல் கழித்து வரச் சொல், மறுபடியும் வைக்கலாம் என்றார் டாக்டர். கடைசியில் தயங்கித் தயங்கி, "அவருக்கு எங்க நோவுன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டார்.

"தெரியுங்க."

"அவரே சொன்னாரா?"

"இல்லீங்க. வேட்டி சொல்லிச்சி."

ஆடிக்கு வந்தபோது நீ எழுந்திருப்பதற்கு முன்னால் உன் வேட்டியைத் துவைத்தேனே. முன்பக்கம் மூத்திரக் கறை, அதற்கு நடுவில் ரத்தம். ஒரு கறை எங்கே இருக்கிறது, எதனால் வந்தது என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். எந்த வீட்டில் பெண் பெரியவளானாள், எந்த வீட்டில் கரு கலைந்தது, எந்தப் பெரிய மனிதர் இரவில் இருமி ரத்தம் துப்புகிறார் என்று ஊருக்குத் தெரியும் முன்னால் நமக்குத் தெரியும். வாயைத் திறக்கமாட்டோம். உன் விஷயத்திலும் திறக்கவில்லை. மூத்திரப் பைக்கு அடியில் ஆண்களுக்கு மட்டும் ஒரு சுரப்பி இருக்கிறதாம், அதில்தான் புற்றாம். டாக்டர் படம் போட்டுக் காட்டினார். ஊர் அழுக்கு எல்லாம் பார்த்த கை இது. கூடப் பிறந்தவன் வேட்டியைப் பார்க்க வெட்கப்படுமா?

நீ ஏன் தண்ணீரை விட்டு வரமாட்டேன் என்கிறாய் என்றும் எனக்குத் தெரியும். ரன்னிங் ரூமுக்காக மட்டும் இல்லை. தண்ணீரில் நிற்கிறவனுடைய வேட்டி ஏன் நனைந்திருக்கிறது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

இனிமேல் நீ ஏரிக்குப் போகக்கூடாது. பொங்கல் கழித்து நான் விழுப்புரம் வருகிறேன். உன் வைத்தியம் முடிகிறவரை உன் கல்லில் நான் நிற்கிறேன். இங்கே அம்சா பார்த்துக்கொள்வாள். பெரியசாமி ஏதாவது சொன்னால் என்னிடம் வந்து சொல்லட்டும். வராதே என்று எழுதாதே, எழுதினாலும் படிக்கமாட்டேன்.

கோவிந்தம்மாள்

&nbsp;

விழுப்புரம்
23-4-1939

அன்புள்ள தங்கை கோவிந்தம்மாளுக்கு அண்ணன் தாண்டவராயன் எழுதுவது. இருக்கிறேன், இன்னும் இருப்பேன். நீ நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தாயா? மச்சானும் அம்சாவும் சுகமா?

நீ போனதிலிருந்து வீடு வெறிச்சென்று இருக்கிறது. துறையில் பெரியசாமி, "அக்கா எப்ப வரும்?" என்று கேட்கிறான். பயத்தில் கேட்கிறானா, பாசத்தில் கேட்கிறானா என்று தெரியவில்லை. அன்றைக்கு நீ அவன் மூட்டையைத் தூக்கி வெளியே எறிந்ததை ரன்னிங் ரூம் டிரைவர்கள் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். ரன்னிங் ரூம் துணி மறுபடியும் என் கைக்கு வந்துவிட்டது.

போன வாரம் கடைசியாக ஒரு தரம் போய் டாக்டரிடம் காட்டினேன். கட்டி சுருங்கியிருக்கிறதாம். "போயிடுச்சின்னு சொல்ல மாட்டேன், திரும்பி வந்தாலும் வரலாம்" என்றார். வரட்டும். எந்த வண்டி, எந்த வாசல், எந்த மேசை என்று எனக்கும் இப்போது தெரியும். ஊதாக் கோடு கழுவியதும் போய்விட்டது. சேராங்கொட்டை போட்ட தழும்பு மட்டும் போகவில்லை. குளிக்கும்போது பார்த்துக்கொள்கிறேன். விருத்தாசலம் இப்போது வாசலோடு போகும்போது எட்டிப் பார்ப்பதில்லை. நான்தான் கூப்பிட்டு, "இன்னா வைத்தியரே, வாய்க்கு ருசியா துன்னுக்கினு இருக்கேன்" என்று சொல்லி அனுப்புகிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு பிளாட்பாரத்தில் நான் தூங்கவில்லை. வேட்டி நனைந்திருந்தது. கூழோடு நீ நின்றதைக் கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். வண்டி ஒலக்கூர் தாண்டும்வரை எனக்கு அழுகை நிற்கவில்லை.

கார்டு சீனுவாசனிடம் ஒரு மூட்டை கொடுத்தனுப்பியிருக்கிறேன். உள்ளே என் வேட்டி. நேற்று முழுக்க ஏரிப் பக்கமே போகாமல் கட்டியிருந்தது. துவைக்கவில்லை. அழுக்குத் துணியை நான் யாருக்கும் கொடுத்து அறியாதவன். வாயால் சொன்னாலும் எழுதிச் சொன்னாலும் நீ நம்பமாட்டாய். நீயே படித்துக்கொள்.

உன் அண்ணன்
தாண்டவராயன்

&nbsp;

திண்டிவனம்
28-4-1939

அண்ணனுக்குக் கோவிந்தம்மாள் கும்பிட்டு எழுதியது. இங்கே எல்லாரும் சுகம். மச்சான் உன்னைக் கேட்டதாகச் சொன்னார். பீடி குறைந்திருக்கிறது, விடவில்லை.

வேட்டி வந்தது. முற்றத்து வெயிலில் பிரித்துப் பிடித்துப் பார்த்தேன். அப்பா சொல்லிக்கொடுத்த மாதிரி முதலில் வெளிப்பக்கம், அப்புறம் உள்பக்கம். முன்னால் சின்னச் சின்னதாக மஞ்சள் கறை. சொட்டு இன்னும் நிற்கவில்லை, அதைப் பற்றி எழுதாமல் விட்டாய். பரவாயில்லை, அது உயிரோடு இருக்கிறவனுடைய கறை. ஓரத்தில் எண்ணெய். மடியில் மல்லாட்டைத் தோல், அதனால் வாய்க்குப் பிடித்துத்தான் தின்கிறாய். ரத்தம் இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை.

உன் மச்சான் வந்து, "இன்னாடி, அழுக்கு வேட்டிய மூஞ்சில வெச்சிக்கினு அழுவுற?" என்றார். இந்தத் தரம் நான் மறைக்கவில்லை.

துவைத்து, நீலம் போட்டு, கஞ்சி போட்டு இதோடு அனுப்புகிறேன். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இருக்கிற எல்லார் வீட்டுத் துணிக்கும் நாம் அடையாளம் போடுகிறோம். நம் வீட்டுத் துணிக்கு மட்டும் போடுவதில்லை, அது எங்கே போய்விடப் போகிறது என்று. இந்த வேட்டியின் ஓரத்தைத் திருப்பிப் பார். சேராங்கொட்டையால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். ஆடிக் கூழுக்கு இதையே கட்டிக்கொண்டு வா.

இப்படிக்கு
உன் தங்கை
கோவிந்தம்மாள்